ஒரே பாங்கு, வேறு வேறு பதில்கள்: கருவறையில் ஆணும் பெண்ணும் உருவாகும் விதம்

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...

சில மாதங்களுக்கு முன் ஜுமுஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு ஒரு தந்தை நம்மிடம் வந்தார். கையில் மருத்துவமனை உறை ஒன்று. அவருடைய மகளுக்குப் பதினாறு வயது. மற்றப் பெண் பிள்ளைகளைப் போலவே வளர்ந்திருக்கிறாள். ஆனால் மாதவிடாய் மட்டும் வரவில்லை. டாக்டரிடம் காட்டியபோது ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எடுத்திருக்கிறார்கள்.

"ஹஜ்ரத், இதுல 46 எக்ஸ்ஒய்னு போட்டிருக்கு. எக்ஸ்ஒய்னா ஆம்பளைன்னு போன்ல பார்த்தேன். கர்ப்பப்பையும் இல்லைங்கறாங்க. இவ உம்மா மூணு நாளா சோறு திங்கல. நீங்க சொல்லுங்க ஹஜ்ரத், இது எனக்கு மகளா, மகனா?"

ஃபிக்ஹு நூல்களில் குன்ஸா என்ற பாடத்தை நாம் ஓதியிருக்கிறோம், மாணவர்களுக்கு ஓதியும் கொடுத்திருக்கிறோம். ஆணா பெண்ணா என்று தெளிவாகத் தெரியாத நிலையில் பிறந்தவர்களைப் பற்றிய பாடம் அது. ஆனால் அந்தக் காகிதம் என்ன சொல்கிறது என்பது நமக்குப் புரியவில்லை. புரியாத ஒன்றில் வாய் திறப்பது அமானிதத்துக்குத் துரோகம். ஒரு வாரம் தவணை கேட்டோம். அனுபவமுள்ள மருத்துவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்தோம், படித்தோம், மீண்டும் கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் நாம் அறிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். அந்தக் குடும்பத்தாரின் அனுமதியோடும், அவர்களை யாரும் அடையாளம் காண முடியாதபடியும் எழுதுகிறோம்.

எல்லா உயிரணுவிலும் ஒரே நூல்

ஒரு துளியிலிருந்து மனிதன் படிப்படியாக உருவாக்கப்படுவதை அல்முஃமினூன் அத்தியாயத்தின் 12 முதல் 14 வரையிலான வசனங்கள் சொல்கின்றன. கருவறையில் தான் நாடியபடி உருவம் கொடுப்பவன் அல்லாஹ் என்று ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 6-வது வசனம் சொல்கிறது. அந்த உருவமைப்பு எந்த வழியில் நடக்கிறது என்பதில் ஒரு சிறு பகுதியை இன்றைய அறிவியல் கண்டறிந்திருக்கிறது.

தாயின் கருமுட்டையும் தந்தையின் விந்தணுவும் சேர்ந்து ஒரே ஓர் உயிரணு உண்டாகிறது. அது இரண்டாகி, நான்காகி, கோடிக்கணக்கில் பெருகுகிறது. ஒவ்வொன்றுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற எழுத்துக் கோவை இருக்கிறது. அதில் புரதங்களைச் செய்வதற்கான குறிப்புகள், அதாவது மரபணுக்கள், ஏறத்தாழ 20,000 உள்ளன. கண்ணில் உள்ள உயிரணுவிலும் கல்லீரலில் உள்ள உயிரணுவிலும் இருப்பது அதே நூல்தான். அப்படியானால் ஒன்று பார்க்கிறது, இன்னொன்று பித்தநீர் சுரக்கிறது, எப்படி?

நூல் ஒன்றாக இருந்தாலும், எந்தப் பக்கம் ஓதப்படுகிறது என்பது வேறுபடுகிறது. கண்ணின் உயிரணு கண்ணுக்கு வேண்டிய பக்கங்களைத் திறக்கிறது, மற்றவற்றை மூடி வைக்கிறது. திறப்பதும் மூடுவதும் தனி வகைப் புரதங்களின் வேலை. இவற்றை ஆங்கிலத்தில் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர் என்பார்கள். தமிழில் படியெடுப்புக் காரணிகள் எனலாம். இவை டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடத்தில் போய் அமர்ந்து, இந்த மரபணுவைப் படி எடு, அதை எடுக்காதே என்று நிர்ணயிக்கின்றன. மனித உடலில் இத்தகைய காரணிகள் சுமார் 1,600 இருக்கின்றன.

இவற்றின் வலிமை 1987-ல் தெரியவந்தது. அமெரிக்காவில் ஹெரால்ட் வைன்ட்ராப் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், எலியின் இணைப்புத்திசு உயிரணுக்களுக்குள் மையோ-டி என்ற ஒரே ஒரு காரணியின் மரபணுவைச் செலுத்தினார்கள். அந்த உயிரணுக்கள் தசை உயிரணுக்களாக மாறின. 2006-ல் ஜப்பானைச் சேர்ந்த ஷின்யா யமனாக்கா இன்னும் ஒரு படி போனார். நான்கு காரணிகளைக் கொண்டு, முதிர்ந்த எலி உயிரணுக்களைக் கருவின் தொடக்க நிலை உயிரணுக்களைப் போல ஆக்கிக் காட்டினார். 2012-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நூலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், ஓதும் பக்கத்தை மாற்றியதாலேயே உயிரணுவின் நிலை மாறிவிட்டது.

பாங்கு ஒன்று, பதில் பல

வளரும் கருவில் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று தூது அனுப்புகின்றன. ஹார்மோன் போன்ற பொருட்கள்தான் அந்தத் தூது. ஆனால் ஒரே தூதுக்கு எல்லா உயிரணுக்களும் ஒரே மாதிரி பதில் தருவதில்லை.

இதை விளங்கிக்கொள்ள நமக்குப் பழகிய ஒன்றைப் பாருங்கள். லுஹருக்குப் பாங்கு சொல்லப்படுகிறது. ஊர் முழுக்க ஒரே ஓசை. ஊரில் வசிப்பவர் நான்கு ரக்அத் தொழுகிறார். பிரயாணி இரண்டாகச் சுருக்கித் தொழுகிறார். நோயாளி உட்கார்ந்து தொழுகிறார். மாதவிடாயில் இருக்கும் பெண் தொழுவதில்லை. காது கேளாதவர் பாங்கையே அறியவில்லை. பாங்கில் ஒரு சொல்லும் மாறவில்லை. கேட்பவரின் நிலைதான் பதிலைத் தீர்மானித்தது.

உயிரணுவின் விஷயமும் இப்படித்தான். வெளியிலிருந்து வரும் தூது ஒன்றுதான். உள்ளே எந்தப் படியெடுப்புக் காரணிகள் ஏற்கெனவே இருக்கின்றன, எந்தப் பக்கங்கள் திறந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே பதில் அமைகிறது. தூதைப் பெறும் புரதம் இல்லாவிட்டாலோ பழுதுபட்டிருந்தாலோ, தூது எத்தனை முறை வந்தாலும் பதில் இராது.

ஆண்களின் தாடியும் வழுக்கையும் இதற்குக் கண்முன் இருக்கும் சான்று. பருவ வயதில் இரத்தத்தில் ஓடுவது ஒரே ஆண் ஹார்மோன். தாடையில் உள்ள மயிர்க்கால் அதைப் பெற்றதும் மெல்லிய பூனைமுடியைத் தடித்த தாடியாக்குகிறது. வழுக்கைக்கான மரபு உள்ளவரின் உச்சந்தலையில் அதே ஹார்மோன் மயிர்க்காலைச் சிறுக்க வைத்து முடியைக் குறைக்கிறது. ஹார்மோனைப் பெறும் புரதம் இரண்டு இடத்திலும் ஒன்றே. ஆனால் அந்த உயிரணுக்களின் உள்நிலை வேறு.

ஆறாவது வாரம்

இனி அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம்.

தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான் இருக்கும். தந்தையின் விந்தணுவில் எக்ஸ் இருக்கலாம், ஒய் இருக்கலாம். பொதுவாக இரண்டு எக்ஸ் சேர்ந்தால் பெண், எக்ஸும் ஒய்யும் சேர்ந்தால் ஆண். ஆனால் முதல் ஆறு வாரம் வரை எந்தக் கருவாக இருந்தாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். விதைப்பை ஆகவும் சினைப்பை ஆகவும் தகுதி படைத்த ஒரு சிறு திசு ஜோடி உள்ளே இருக்கிறது. கர்ப்பப்பைக்குரிய குழாய், விந்துப் பாதைக்குரிய குழாய் ஆகிய இரண்டும் எல்லாக் கருவிலும் இருக்கின்றன.

ஆறாவது வாரத்தையொட்டி, ஒய் குரோமோசோமில் உள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற ஒரே ஒரு மரபணு விழிக்கிறது. 1990-ல் இதை லண்டனில் பீட்டர் குட்ஃபெல்லோ, ராபின் லவல்-பேட்ஜ் ஆகியோரின் குழுக்கள் கண்டறிந்தன. அது உண்டாக்கும் புரதமும் ஒரு படியெடுப்புக் காரணிதான். அது சாக்ஸ்-9 என்ற இன்னொரு காரணியை எழுப்புகிறது. அதன் பிறகு எஸ்.ஆர்.ஒய்.யின் பெரும்பணி முடிந்துவிடுகிறது. சாக்ஸ்-9 தன்னைத் தானே நிலைநிறுத்திக்கொண்டு அந்தத் திசுவை விதைப்பையாக வளர்க்கிறது. எஸ்.ஆர்.ஒய். விழிக்காவிட்டால் வேறு காரணிகளும் தூதுகளும் முன்வந்து அதைச் சினைப்பையாக ஆக்குகின்றன. 1991-ல் இரண்டு எக்ஸ் கொண்ட எலிக் கருவில் இந்த ஒரு மரபணுவைச் சேர்த்துப் பார்த்தார்கள். அது ஆண் எலியாகப் பிறந்தது.

துளி கருவறையில் 42 இரவுகளைக் கடந்ததும் ஒரு வானவர் அனுப்பப்படுகிறார், அவர் செவி, பார்வை, தோல், சதை, எலும்பு ஆகியவற்றை வடிவமைத்த பின் ஆணா பெண்ணா என்று தன் இறைவனிடம் கேட்கிறார் என்ற கருத்தில் ஹுதைஃபா இப்னு அஸீத் (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. படிக்கும்போது நமக்குச் சிலிர்த்தது உண்மை. ஆனாலும் ஹதீஸை ஆய்வுக்கூட அறிக்கையோடு பொருத்திப் பார்த்து வெற்றி கொண்டாடுவது நம் நோக்கமல்ல. அறிவியல் கணக்குகள் திருத்தப்படும். நபிமொழிகளின் விளக்கத்திலும் அறிஞர்களிடையே நீண்ட ஆய்வு உண்டு. தீர்ப்பு அல்லாஹ்வுடையது, அதற்கான காரண காரியங்களையும் அவனே அமைத்தான் என்பதே நம் ஈமான்.

ஒரு முறை தீர்மானமானதால் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. 2009-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், வளர்ந்த பெண் எலியின் சினைப்பையில் ஃபாக்ஸ்-எல்2 என்ற காரணியை மட்டும் நீக்கினார்கள். அங்கிருந்த உயிரணுக்கள் விதைப்பை உயிரணுக்களைப் போல மாறத் தொடங்கின. அதாவது, ஓர் உயிரணு தன் நிலையில் நிற்பதற்கு வாழ்நாள் முழுக்கக் காவல் தேவைப்படுகிறது. தொடங்குவது ஒன்று, இஸ்திகாமத்தாக நிலைத்து நிற்பது இன்னொன்று என்று நாம் மிம்பரில் சொல்வது உயிரணுவுக்கும் பொருந்துகிறது.

இரண்டு தூதுகள், ஒன்றுக்கு மட்டும் பதில்

விதைப்பை உருவானதும் அது இரண்டு தூதுகளை அனுப்புகிறது. ஒன்று ஏ.எம்.ஹெச். என்ற ஹார்மோன். கர்ப்பப்பைக்குரிய குழாய் கரைந்து போகட்டும் என்பது அதன் செய்தி. மற்றது டெஸ்டோஸ்டிரோன். விந்துப் பாதையும் ஆணின் வெளி உறுப்புகளும் வளரட்டும் என்பது அதன் செய்தி. 1947-ல் ஃபிரான்ஸைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஜோஸ்ட், தாய் முயலின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிகளின் அந்தத் திசுக்களை அகற்றிப் பார்த்தார். ஆணாக வேண்டிய குட்டிகளும் பெண் உடலோடு வளர்ந்தன. தூது வராவிட்டால் உடல் பெண் வடிவத்தில் அமைகிறது என்பது அப்போது தெளிவானது.

தூது வந்தும் கேட்க ஆள் இல்லாவிட்டால்?

டெஸ்டோஸ்டிரோன் உயிரணுவுக்குள் நுழைந்ததும் ஆண்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதத்தோடு இணைகிறது. இணைந்த இரண்டும் உயிரணுவின் உட்கருவுக்குள் போய் டி.என்.ஏ.வில் அமர்ந்து மரபணுக்களை எழுப்புகின்றன. ஆக, தூதைப் பெறுபவரும் பக்கத்தைத் திறப்பவரும் ஒருவரே. இந்த ஏற்பியே ஒரு படியெடுப்புக் காரணி. இதற்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. சிலருக்கு அதில் ஓர் எழுத்துப் பிழை ஏற்பட்டு, ஏற்பி அறவே வேலை செய்வதில்லை.

அந்தப் பெண் பிள்ளைக்கு நடந்தது இதுதான். அவளுடைய உடலுக்குள் விதைப்பை உருவானது. ஏ.எம்.ஹெச். தூது போனது, அதைப் பெறும் புரதம் நன்றாக இருந்ததால் கர்ப்பப்பைக்குரிய குழாய் கரைந்தது. டெஸ்டோஸ்டிரோனும் போனது. ஆனால் எந்த உயிரணுவும் அதைக் கேட்கவில்லை. எனவே வெளியுடல் முழுக்கப் பெண்ணாகவே அமைந்தது. பருவ வயதில் அந்த டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறியதால் மார்பு வளர்ச்சியும் இயல்பாக நடந்தது. கர்ப்பப்பை இல்லாததால் மாதவிடாய் மட்டும் வரவில்லை.

மருத்துவ உலகம் இதை முழுமையான ஆண்ட்ரோஜன் உணர்வின்மை என்கிறது. 1953-ல் ஜான் மாரிஸ் என்ற அமெரிக்க மருத்துவர் இத்தகைய பல பெண்களின் நிலையைத் தொகுத்து எழுதினார். இவர்கள் பெண்ணாகவே பிறந்து, பெண்ணாகவே தம்மை உணர்ந்து வாழ்பவர்கள். யாரோ ஒருவர் எக்ஸ்ஒய் என்று தாளில் எழுதும் வரை ஊருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாத நிலை

இதற்கு நேரெதிரான இன்னொரு நிலையும் உண்டு. இதைப் பெற்றோர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் இதில் உயிரே போகலாம்.

சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒரு நொதி குறைபட்டால், உடலுக்குத் தேவையான கார்ட்டிசால் உண்டாகாது. அதற்கான மூலப்பொருள் தேங்கி ஆண் ஹார்மோனாக மாறிவிடும். கருவிலிருப்பது பெண் குழந்தையானால், அதற்குக் கர்ப்பப்பையும் சினைப்பையும் சரியாகவே இருக்கும். ஆனால் வெளி உறுப்பு ஆணைப் போலத் தோன்றலாம், அல்லது எது என்று தெளிவில்லாமல் இருக்கலாம். முதல் நிலையில் தூது வந்தது, கேட்க ஆள் இல்லை. இங்கே கேட்கும் ஏற்பி சரியாக இருக்கிறது, வரக்கூடாத தூது வந்துவிட்டது. இதைச் சுருக்கமாக சி.ஏ.ஹெச். என்பார்கள்.

இதன் கடும் வகையில் உடல் உப்பைத் தக்கவைக்க முடியாது. பிறந்த சில நாட்களிலேயே, பெரும்பாலும் முதல் மூன்று வாரத்துக்குள், குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து, வாந்தி எடுத்து, நீர் வற்றி ஆபத்தான நிலைக்குப் போய்விடும். ஆண் குழந்தைக்கு வெளியில் எந்த அடையாளமும் இராது என்பதால், இது சாதாரண வாந்தி என்று கவனிக்காமல் விடப்படும் அபாயம் உண்டு.

ஆகவே பிறந்த குழந்தையின் உறுப்பில் தெளிவின்மை தெரிந்தால், "நாற்பது கழியட்டும், வெளியே சொல்லாதே" என்று வீட்டுக்குள் மூடி வைக்காதீர்கள். அன்றே குழந்தைகள் நல மருத்துவரிடம் கொண்டு போங்கள். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். தினமும் மாத்திரை கொடுத்து வளர்க்கலாம். முறையான சிகிச்சை பெற்ற பெண் குழந்தைகள் பலர் வளர்ந்து, திருமணம் முடித்து, பிள்ளை பெற்று வாழ்கிறார்கள். மானம் போய்விடும் என்று அஞ்சி மறைப்பதில் ஓர் உயிர் போய்விட்டால், அதற்கு அல்லாஹ்விடம் நாமல்லவா பதில் சொல்ல வேண்டும்?

இந்தக் குறைபாடு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குழந்தையைப் பாதிக்கும். இருவரும் நோயில்லாமல் அந்தப் பிழையைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய சொந்தத்தில் திருமணம் முடிப்போரிடம் இருவரும் ஒரே பிழையைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல். மாமன் மகளை, மாமி மகளை மணப்பதை ஷரீஅத் ஆகுமாக்கியிருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தால், அடுத்த சொந்தச் சம்பந்தம் பேசுமுன் மரபியல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது தவக்குலுக்கு மாற்றமானதல்ல.

நம் முன்னோர்கள் முகம் திருப்பிக்கொள்ளவில்லை

இவையெல்லாம் இன்று நேற்று வந்த புதுமை என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நம் ஃபிக்ஹு நூல்களில் குன்ஸாவுக்குத் தனிப் பாடம் இருக்கிறது. ஜமாஅத் தொழுகையில் எந்த வரிசையில் நிற்பது, மரணித்தால் யார் குளிப்பாட்டுவது, வாரிசுரிமையில் எவ்வளவு பங்கு என்றெல்லாம் இமாம்கள் நுணுக்கமாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

பிள்ளைப் பருவத்தில் சிறுநீர் வெளியாகும் உறுப்பை அடையாளமாகக் கொண்டார்கள். பருவ வயதில் தாடி, மாதவிடாய் போன்ற அடையாளங்களைப் பார்த்தார்கள். அப்போதும் தெளிவு கிடைக்காதவரை குன்ஸா முஷ்கில் என்றார்கள். சொத்துப் பங்கீட்டில், ஆண் என்று வைத்தும் பெண் என்று வைத்தும் கணக்கிட்டு இரண்டில் குறைந்ததைக் கொடுப்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் வழி. உறுதியான பங்கைக் கொடுத்துவிட்டு, தெளிவு வரும் வரை மீதியை நிறுத்தி வைப்பது ஷாஃபிஈ மத்ஹபின் வழி. பங்கே இல்லை என்று எந்த இமாமும் சொல்லவில்லை. பள்ளிவாசலில் இடமில்லை என்றும் சொல்லவில்லை.

நாடியோருக்குப் பெண் மக்களையும் நாடியோருக்கு ஆண் மக்களையும் அல்லாஹ் வழங்குவதாகச் சொல்லும் அஷ்ஷூரா அத்தியாயத்தின் 49, 50 வசனங்களுக்கு விளக்கம் எழுதும்போது, இமாம் குர்துபி (ரஹ்) அவர்கள் குன்ஸாவைப் பற்றியும் பேசுகிறார்கள். ஆண், பெண் இரண்டைத்தானே வசனம் சொல்கிறது என்று கூறி இப்படிப்பட்டவர்கள் இருப்பதையே மறுப்பது சரியல்ல, அல்லாஹ்வின் ஆற்றல் விரிந்தது என்பது அந்த விளக்கத்தின் சாரம்.

நம் காலத்தில், 1989-ல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு சபை இதில் தீர்மானம் வெளியிட்டது. முழுமையான ஆணோ பெண்ணோ பாலினத்தை மாற்றிக்கொள்வது கூடாது. ஆனால் இரு அடையாளங்களும் கலந்து பிறந்தவருக்கு, மிகுதியாக உள்ள அடையாளத்தின்படி சிகிச்சை செய்வது ஆகும், அது படைப்பை மாற்றுவதல்ல, நோய்க்கு மருத்துவம் என்பது அதன் கருத்து. மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2006-ல், மேலே சொன்ன இரண்டு நிலைகளையும் பெயர் குறிப்பிட்டே ஆய்வு செய்தது.

அறுவை சிகிச்சைக்கு அவசரப்படவும் கூடாது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதுபற்றித் தீர்ப்பளித்தது. அதையொட்டி, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, இத்தகைய குழந்தைகளுக்குப் பாலின அறுவை சிகிச்சை செய்வதைத் தமிழக அரசு அதே ஆண்டு தடை செய்தது. உடனே தேவைப்படுவது மருந்து. கத்தி காத்திருக்கலாம்.

பழியை யார் மீது போடுவது?

"கிரகணத்தன்னிக்கு வெளியே போனாளா?", "கர்ப்பத்துல எதைத் தின்னாளோ?" என்று தாயைக் குதறுவது நம் வீடுகளில் இன்றும் நடக்கிறது. பெண் குழந்தையாகப் பெறுகிறாள் என்று மருமகளைத் தள்ளி வைக்கும் கொடுமையும் இருக்கிறது. எக்ஸா ஒய்யா என்பது தந்தையின் விந்தணுவில் வருவது, அதுவும் அவர் தேர்ந்தெடுப்பதல்ல. எஸ்.ஆர்.ஒய். விழிப்பது, ஏற்பி வேலை செய்வது எதுவும் தாயின் கையில் இல்லை. ஆண்ட்ரோஜன் ஏற்பியின் பிழை சிலருக்குத் தாய் வழியாக வந்திருக்கும், சிலருக்குப் புதிதாகவே உண்டாகியிருக்கும். தாய் வழியாக வந்திருந்தாலும் அவள் அறிந்து கொடுத்ததல்ல. நம் ஒவ்வொருவரின் டி.என்.ஏ.விலும் நமக்கே தெரியாத பிழைகள் இருக்கின்றன. கருவறையில் நடப்பதற்கு ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்குவது அல்லாஹ்வின் களாவின் மீது குறை சொல்வதாகிவிடும்.

அதுபோல, இப்படிப் பிறந்தவர்களை எண்ணைச் சொல்லியும் பட்டப்பெயர் சொல்லியும் தெருவில் கேலி செய்யும் வாலிபர்களை நாம் கண்டிக்க வேண்டும். பட்டப்பெயர் சூட்டிப் பரிகசிப்பதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-வது வசனம் தடுத்திருக்கிறது. அந்தத் தடையில் இவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு எங்கே இருக்கிறது?

அந்தத் தந்தைக்கு நாம் சொன்னது

ஒரு வாரம் கழித்து அவர் வந்தார். மருத்துவரிடம் நாம் கேட்டறிந்ததை, பாங்கு உவமையோடு மெதுவாக விளக்கினோம். மூத்த முஃப்தி ஒருவரிடமும் கலந்து பேசியிருந்தோம். பிறகு சொன்னோம்:

"பாய், அவள் உங்கள் மகள். பிறந்தபோது எந்த அடையாளத்தைப் பார்த்து மகள் என்று காதில் பாங்கு சொன்னீர்களோ, அந்த அடையாளம் இன்றும் மாறவில்லை. வெளிப்படையான அடையாளத்தைக் கொண்டுதான் ஷரீஅத் தீர்ப்பளிக்கிறது. அவளுடைய உடலில் ஓர் உயிரணுகூட ஆண் ஹார்மோனுக்குப் பதில் சொல்லவில்லை. தாளில் இருக்கும் இரண்டு எழுத்துக்காக அவளுடைய ஹிஜாபையும் பெயரையும் பிடுங்க யாருக்கும் உரிமை இல்லை."

மேலும் சில விஷயங்களையும் சொன்னோம். மாதவிடாய் வராவிட்டாலும், சந்திரக் கணக்கில் பதினைந்து ஆண்டுகள் நிறைந்துவிட்டதால் அவள் பருவமடைந்தவள்தான், தொழுகையும் நோன்பும் அவள் மீது கடமை. உடலுக்குள் இருக்கும் அந்தத் திசு பிற்காலத்தில் கட்டியாக வாய்ப்பு உண்டு என்பதால், எப்போது என்ன செய்வது என்பதை மருத்துவரின் கண்காணிப்பில் முடிவு செய்ய வேண்டும். உண்மையை அவளிடமும் மறைக்காமல், பக்குவமாக, உம்மாவின் மடியில் வைத்துச் சொல்ல வேண்டும். நாளை திருமணப் பேச்சு வந்தால், பிள்ளைப் பேறு இல்லை என்பதை மணமகனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்து முடிக்கும் நிக்காஹ் இரு வீட்டுக்கும் வேதனை. ஊருக்கு அறிவிக்க வேண்டிய கடமை மட்டும் யாருக்கும் இல்லை. ஒரு முஸ்லிமின் அந்தரங்கத்தை மறைப்பவருக்கு மறுமையில் அல்லாஹ்வின் மறைப்பு உண்டு என்பது நபிகளார் (ஸல்) அவர்களின் வாக்குறுதி.

அவர் நெடுநேரம் பேசவில்லை. உறையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். "அப்ப வீட்டுக்குப் போயி அவ உம்மாவ சாப்பிடச் சொல்றேன் ஹஜ்ரத்" என்றார்.

ஆலிம்களுக்கும் ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு காகிதத்தோடு யாராவது நம்மிடம் வந்தால், தெரிந்ததைப் போல உடனே பதில் சொல்லிவிட வேண்டாம். அவகாசம் கேட்போம், துறை அறிந்த மருத்துவரிடம் கேட்போம். அறியாதவற்றை அறிந்தோரிடம் கேட்கும்படிதான் குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. நம்முடைய ஒரு சொல்லில் ஒரு பிள்ளையின் வாழ்வு தங்கியிருக்கிறது.

கருவறையின் இருளில் தான் நாடியபடி உருவமைக்கும் ரப்புல் ஆலமீன், அவன் தந்த பிள்ளைகளை அவன் தந்தபடியே ஏற்று, அன்போடும் கண்ணியத்தோடும் வளர்க்கும் நல்லுள்ளத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.